கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவள்

நாலு வருஷத்துக்கு முன்னால் நான் பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். கற்பித்தல் பயிற்சிக்காக ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளிக்குப் போய்வருவேன். கல்யாணமாகி, மகளுக்கு மூன்று வயதான பிறகு படிக்கக் கிளம்பியவள் நான். பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். செய்முறைத் தேர்வில் கோட்டை விட்டால் இன்னொரு வருஷம் யாரும் என்னைப் படிக்க அனுப்பப் போவதில்லை என்பது நன்றாகத் தெரியும்.

எங்கள் பயிற்சியில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி பாடம் நடத்தும்போது, கூடப் படிக்கிற இன்னொருத்தி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனித்து, நிறைகுறைகளைப் பாடம் நடத்துகிறவளின் அப்சர்வேஷன் நோட்டில் எழுதித் தர வேண்டும். எங்களுக்குப் பொறுப்பான விரிவுரையாளர் மேடம் அதைப் படித்துக் கையெழுத்துப் போடுவார். எழுதுவது என்ன பெரிய வேலை? 'பாடம் தெளிவு. கரும்பலகைப் பயன்பாடு நன்று. குரல் வளம் அருமை.' தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த மூன்று வரியை எழுதிவிடுவேன். நீ எனக்கு எழுது, நான் உனக்கு எழுதுகிறேன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் அப்படித்தான் செய்தோம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நாங்கள் நிஜமாகச் செய்த வேலை, மறுநாள் சார்ட்டுக்குப் படம் வெட்டி ஒட்டுவதுதான்.

எனக்கு ஜோடியாக வந்த தோழி என்னைவிட ஆறு வயது சின்னவள். அதே பஸ்ஸில்தான் வருவாள். எனக்கு முன்னால் ஏறி, பக்கத்து சீட்டில் பையைப் போட்டு இடம் பிடித்து வைப்பாள். அப்படிப்பட்டவள் ஒரு நாள் என் நோட்டில் இப்படி எழுதிவிட்டாள்: 'ஆசிரியை கேட்ட கேள்விகள் பதினேழு. அதில் பதினாலுக்கு அவரே பதில் சொல்லிவிட்டார். மூன்றாவது பெஞ்சில் ஜன்னலோரம் இருக்கும் மாணவி இரண்டு முறை கை தூக்கினாள். ஆசிரியை பார்க்கவில்லை.'

எனக்கு வந்ததே கோபம்! நேற்று காலேஜ் முடித்து வந்தவள், ஒரு பிள்ளை பெற்றவளுக்குப் பாடம் சொல்கிறாளா? அதுவும் மார்க் போடுகிற மேடம் படிக்கிற நோட்டில்! அன்று சாயங்காலம் பஸ்ஸில் அவள் வழக்கம்போல் பையை எடுத்து இடம் காட்டினாள்.

"வந்து உக்காருங்கக்கா."

"பரவால்ல, நான் நிக்கேன்."

ராஜபாளையம் வரை நின்றுகொண்டே வந்தேன். கால் வலித்ததுதான் மிச்சம். இப்படியே எட்டு நாள். அவள் தினமும் இடம் பிடிப்பாள், நான் தினமும் நிற்பேன்.

ஒன்பதாம் நாள், வேறு ஜோடி கேட்டு மேடத்திடமே போனேன். அவர் என் நோட்டைப் படித்தார். அடுக்கிலிருந்து தோழியின் நோட்டை எடுத்துப் பிரித்து, அவளுக்கு நான் எழுதியிருந்த பக்கத்தைக் காட்டினார்.

"குரல் வளம் அருமைன்னு எழுதிருக்கயேம்மா, அன்னைக்கு அவளுக்குத் தொண்டை கட்டிக் குரலே வரலையே. நான் வாசல்ல நின்னு பாத்துட்டுத்தான போனேன்."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மேடம் திட்டவில்லை, சிரித்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"குரல் இல்லாம எப்படி நடத்துனான்னாவது பாத்தியா?"

நான் எங்கே பார்த்தேன்? அன்று நான் இதயத்தின் படத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். மேடம்தான் சொன்னார். வடிகட்டுதல் பாடமாம். தோழி தன் அப்பா வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனியிலிருந்து வெட்டுத் துணி கொண்டுவந்து, பெஞ்சுக்கு ஒரு டம்ளர் கலங்கல் தண்ணீரோடு கொடுத்திருக்கிறாள். கேள்வியைப் போர்டில் எழுதிவிட்டு கையைக் கட்டி நின்றிருக்கிறாள். துணியை இரண்டாக மடி, நாலாக மடி என்று பிள்ளைகள் ஒருத்திக்கொருத்தி சண்டை போட்டு, அவர்களே பதிலைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். எனக்கு எது வரவில்லையோ அது முழுசாக என் கண்ணெதிரே நடந்திருக்கிறது. நான் தலை நிமிரவில்லை.

அன்று பஸ்ஸில் நேரே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நடந்ததை அப்படியே சொன்னேன். குரல் வளம் என்றதும் அவள் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"ஏட்டி, நாளையிலருந்து மறுபடி என் க்ளாஸ்ல வந்து உக்காரு. நான் முந்திக்கிட்டுப் பதில் சொன்னா கோடு போட்டு வையி."

"கோவிச்சுக்கிட மாட்டீகளே?"

"கோவிப்பேன். நீ எழுது."

எழுதினாள். முதல் நாள் ஒன்பது கோடு. கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஐந்து விநாடி ஐந்து நிமிஷமாகத் தோன்றும், நாக்கு துடிக்கும். கடைசி பெஞ்சில் அவள் விரலை உதட்டில் வைத்துக் காட்டுவாள். ஒன்பது ஆறாகி, ஆறு இரண்டானது.

செய்முறைத் தேர்வன்று ஆவியாதல் பாடம். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் எங்கள் மேடத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டேன். வகுப்பு கப்சிப். வேர்த்துக் கொட்டியது. ஜன்னலோரப் பிள்ளை மெதுவாகக் கை தூக்கினாள்.

"மிஸ், நனைச்ச துணி மாடியில சீக்கிரம் காயுது, வீட்டுக்குள்ள காய மாட்டேங்குது. வெயிலே இல்லாட்டியும் அப்படித்தான். ஏன் மிஸ்?"

நான் சொல்லவில்லை. "காத்துதான் மிஸ்!" என்று பின்னாலிருந்து இன்னொருத்தி கத்தினாள். அப்புறம் வகுப்பே பேசியது. தேர்வாளர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நல்ல மார்க்கோடு தேறினேன். தோழி இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள், அடிக்கடி போனில் பேசுவோம். என்னைப் பாராட்டியவர்கள் எத்தனையோ பேர், யார் என்ன சொன்னார்கள் என்பதுகூட நினைவில்லை. ஆனால் நாற்பது நிமிஷம் என்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், என் பதினேழு கேள்வியையும் எண்ணி எழுதுகிற அளவுக்கு என்னைப் பொருட்படுத்தியவள் அவள் ஒருத்திதான். அந்த அன்பு புரியாமல்தான் எட்டு நாள் நின்றுகொண்டே வந்திருக்கிறேன்.