தண்ணீருக்குள் இருந்த நந்தி

சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்பில் தனியாக இருக்கிறேன். ஐம்பது தாண்டிவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லீவு கிடைத்தால், அதிகம் பேர் போகாத இடமாகப் பார்த்துப் போய்வருவேன். அலுவலகத்தில் மற்றவர்கள் திருப்பதிக்கும் ஊட்டிக்கும் போய்வந்து லட்டு, வர்க்கி என்று மேசை மேசையாகக் கொடுப்பார்கள். பாழடைந்த கிணற்றையும் பாதியில் நின்றுபோன பாலத்தையும் பார்த்துவிட்டு வருகிறவள் எதைக் கொண்டுவந்து கொடுப்பது?

போன கோடையில், உலகத்தில் பலரும் கவனிக்காமல் விட்ட இடங்கள் என்று செல்லில் ஒரு வீடியோ பார்த்தேன். இத்தாலியில் ஓர் ஏரி. அணை கட்டியதில் ஊர் மூழ்கிப்போய், தேவாலயக் கோபுரம் மட்டும் தண்ணீருக்கு மேல் நிற்கிறது. நமக்குப் பக்கத்திலேயே அப்படி ஒன்று இருக்கிறதே என்று தோன்றியது. மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்கினால், பண்ணவாடியில் மூழ்கிக் கிடக்கும் பழைய கோயிலின் நந்தி வெளியே தெரியும். இத்தனை வருஷத்தில் நான் அதைப் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். மேச்சேரி தாண்டியதும் பஸ் பாதி காலி. மேட்டூரில் வேறு பஸ் பிடித்து, பண்ணவாடி பரிசல் துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர்தான். நந்தியைக் காணோம்.

கரையில் வலையை உதறிக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன்.

"போன வாரம் வரைக்கும் கொம்பு தெரிஞ்சுதுங்க அக்கா. மேக்க மழை. தண்ணி வந்து மூடிருச்சு. ஒத்தையாவா வந்தீங்க?"

"ஆமாம்மா."

"ஊட்டுல யாரும் வல்லீங்களா?"

"வீட்டுல நான் மட்டுந்தான்."

அடுத்து வழக்கமாக வரும் கேள்விகளுக்குத் தயாராக நின்றேன். அவளோ வலையைக் கீழே போட்டாள்.

"பரிசல்ல ஏறுங்க. இருக்கற எடத்தையாச்சும் காட்டறேன்."

கரையில் இருந்த ஒரு வேப்பமரத்தையும் எதிர்க்கரைக் குன்றையும் மாறி மாறிப் பார்த்துத் துடுப்புப் போட்டவள், ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"இங்கதானுங்க. நமக்கு அடியில."

எட்டிப் பார்த்தேன். கலங்கல் தண்ணீர். என் முகங்கூடச் சரியாகத் தெரியவில்லை. அவள் மூங்கில் கழியை உள்ளே விட்டுத் துழாவிவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"நீங்களே பாருங்க."

முதலில் ஒன்றும் தட்டுப்படவில்லை. பரிசல் மெல்லச் சுற்றியது. சட்டென்று கழி கல்லில் இடித்தது. அதிர்வு முழங்கை வரை வந்தது. மறுபடி தட்டினேன். கல்தான். கொம்பா, திமிலா என்று தெரியவில்லை. கழி வழுக்கி விலகும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்திருந்தாள்.

பிறகு கேட்டாள்: "போட்டோ புடிக்கலீங்களா?"

"வெறும் தண்ணிய எதுக்குப் புடிக்கறது?"

"செல்லக் குடுங்க. உங்களப் புடிக்கறேன்."

நான் போன இடங்களின் படங்கள் என் செல்லில் நிறைய இருக்கின்றன. அவற்றில் நான் இருப்பது அது ஒன்றில்தான். மூலையில் அவள் விரல் விழுந்திருக்கிறது.

மறுநாள் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரிடம் அதைக் காட்டினேன்.

"எந்த இடம் மேடம்? பின்னால ஒண்ணுமே இல்லையே?"

"தண்ணிக்குள்ள நந்தி இருக்குங்க."

"அப்படியா. கூட யாரு வந்தது, போட்டோ எடுத்தது?"

"பரிசல்காரம்மா."

அவர் தலையாட்டிவிட்டு ஃபைலைத் திறந்தார். நான் இன்னும் கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.