நிழல் பக்கத்து ஒபதியா

தெருவைத் தாண்டும்போது ஒபதியா வெல்க் இரண்டு முறை நிற்பார். முதலில் உறைந்த சேற்றில் தடியை ஊன்றிப் பார்ப்பார். பிறகு தன் கால்களை, யாரோ கடன் கொடுத்தவை போல, சந்தேகத்துடன் பார்ப்பார். வலது காலில் மூன்று விரல்கள் இல்லை. பழைய பனிப்புயலொன்று கொண்டுபோனது. ஆனாலும் கோல்டர் பள்ளத்தில் நிழல் பக்கமாகவே நடக்கிற ஒரே மனிதர் அவர்தான்.

எங்களுக்குத் தெரு ஒன்றுதான். குளிர்காலத்தில் அதன் ஒரு பக்கத்துக்கு மூன்று மணி நேரம் வெயில் வரும், மறுபக்கத்துக்கு ஏப்ரலில்தான். தங்கம் தோண்ட வந்த நாங்கள் எதிலும் ஒத்துப்போனதில்லை, எந்தப் பக்கம் நடப்பது என்பதைத் தவிர.

ஒபதியாவின் தொழில் பூட்ஸ் தைப்பது. அவர் தைத்ததில் பனி நுழையாது. சொந்த பூட்ஸில் மட்டும் நான்கு ஒட்டுகள். விடுதி நடத்தும் ஹேகர்ட்டி அம்மா அவருக்கு மொச்சையும் ரொட்டியும் வைக்கும்போதெல்லாம் கேட்பார்.

"அந்தப் பக்கம் என்னய்யா பொதைச்சு வெச்சிருக்கே? வெயில்ல வந்தா கரைஞ்சா போயிடுவே?"

"கரைஞ்சது போக மிச்சம் இவ்வளவுதாம்மா. இது அங்கயே கெடக்கட்டும்."

போன ஜனவரி வரை அவரும் வெயில் பக்கத்து மனிதர்தான். இருநூறு மைலுக்கு நீதிமன்றம் கிடையாது. அதனால் வழக்கை நாங்களே விசாரிப்போம். சாராயக்கடை மெர்ட்டன் வண்டி மேல் ஏறி நீதிபதியாகிவிடுவார். ஊரே ஜூரி. அன்று வண்டியில் நின்றவன் ஜோயல் ஃபென், இருபத்து மூன்று வயது. குதிரையொன்று காணாமல் போயிருந்தது. கடைசியாக அதற்குத் தண்ணீர் காட்டியவன் அவன். சாட்சியம் அவ்வளவுதான்.

"தூக்குங்கிறவங்க வெயில் பக்கம் நில்லுங்க. ஊரைவிட்டு வெரட்டினாப் போதுங்கிறவங்க நெழல் பக்கம் போங்க" என்றார் மெர்ட்டன். அதுதான் எங்கள் ஓட்டுமுறை. எளிமையானது என்று பெருமைப்பட்டுக்கொள்வோம். அதில் ஒரே குறை, கூட்டம் முழுக்க ஏற்கெனவே வெயிலில் நின்றிருந்தது. கருணைக்கு மட்டும் நடந்தாக வேண்டும்.

பாதிப் பேர் நடந்தார்கள். ஒபதியா நடக்கவில்லை. பையனைத் தூக்கில் போட வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. விரல் போன கால் அப்போதுதான் சூடேறி வலி அடங்கியிருந்தது. ஒருவன் தாண்டாததால் என்ன ஆகிவிடும் என்று நின்றுவிட்டார். எண்ணிப் பார்த்தார்கள். வெயிலில் நாற்பத்து நான்கு. நிழலில் நாற்பத்து மூன்று.

ஒபதியா தடியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பாதித் தெருவில் மெர்ட்டன் நிறுத்திவிட்டார். "எண்ணியாச்சு ஒபி. எண்ணினப்பறம் நகரக் கூடாது."

வண்டி மேலிருந்து ஜோயல்தான் சமாதானம் சொன்னான். "விடுங்கண்ணே. அந்தக் காலை வெச்சிக்கிட்டு நீங்க எப்படி வருவீங்க?"

ஜோயலைத் தூக்கிலிட்டு மூன்று மாதம் கழித்து, ஏப்ரலில் குதிரை திரும்பி வந்தது. காட்டுக் குதிரைகளோடு குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, எலும்பும் தோலுமாக, வெயில் பக்கமாகவே நடந்து வந்தது. யாரும் அதை விசாரிக்கவில்லை. வெயிலில் நின்ற நாற்பத்து நான்கு பேரில் நாற்பத்து மூன்று பேர், அந்த ஒரு ஓட்டு தங்களுடையதல்ல என்று இன்றுவரை விளக்குகிறோம். ஒபதியா விளக்குவதில்லை.

போன வாரம் மறுபடி விசாரணை. ஊசி, நூல் விற்கும் சைலஸ் ஆர்ம் ஒரு சேணத்தைத் திருடினானாம். சேணம் அவனிடம் இல்லை; அவன் முகம்தான் யாருக்கும் பிடிக்கவில்லை. மெர்ட்டன் வண்டியில் ஏறும்போது, ஒபதியா தன் கடையின் இரும்பு அடுப்பை ஒரு சறுக்குப் பலகையில் கட்டி இழுத்துக்கொண்டு போனார். நான்கடிக்கு ஒருமுறை நின்றார்.

"யோவ் ஒபி, நெழலுக்குக் குளிரெடுக்குதா?" என்று யாரோ கத்த, கூட்டம் சிரித்தது.

"ஆமாய்யா. ஒரு வருஷமா எடுக்குது."

நிழல் பக்கத்துப் பனியில் அடுப்பை நிறுத்தி, விறகு போட்டுப் பற்றவைத்தார். கடையிலிருந்த தோல் துண்டுகளையும் உள்ளே தள்ளினார். இரும்பு சிவக்கத் தொடங்கியது. மெர்ட்டன் ஓட்டுக்கு அழைப்பு விடுத்தார். சற்று நேரம் ஒருவரும் அசையவில்லை. பிறகு ஹேகர்ட்டி அம்மாவின் விடுதியில் தங்கியிருந்த இருவர், கைகளைத் தேய்த்துக்கொண்டே, குளிருக்காகத்தான் போகிறோம் என்பது போல் தெருவைத் தாண்டினார்கள். பின்னால் ஐந்தாறு பேர். பிறகு ஒரு கும்பல். நானும் போனேன். மெர்ட்டன் எண்ணவே இல்லை; வண்டியிலிருந்து இறங்கி சைலஸின் கட்டை அவிழ்த்துவிட்டார்.

அடுப்பைச் சுற்றித் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றோம். ஒபதியா கதகதப்பிலிருந்து விலகி, பனியில் மூன்றடி பின்னே போய் நின்றுகொண்டார். தன் பக்கத்தில் இன்னும் ஓர் ஆள் நிற்க இடம் விட்டிருந்தார்.