அரண்மனைக்குப் போன லொலிபொப் ரீச்சர்

நடுரோட்டில் நின்று சம்பளம் வாங்குவது எங்கள் வேலை. வட்டத் தகடு பூட்டிய நீளத் தடியை நீட்டி, கார்களை மறித்து, பள்ளிப் பிள்ளைகளைக் கடக்க விட வேண்டும். அந்தத் தடி குச்சி மிட்டாய் மாதிரி இருப்பதால் எங்களை ‘லொலிபொப் லேடி’ என்பார்கள். லண்டனில், மிச்சம் என்ற பகுதியில், பன்னிரண்டு வருடம் அந்தத் தடியைப் பிடித்தவள் நான். மழையிலும் டிரைவர்மாரின் ஏச்சிலும் நனைந்த சகோதரிகளே, மீதியை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

என்ன வேலை?

என் கணவர் ஊரில் அரசாங்கக் கந்தோரில், அலுவலகக் கதிரை போட்டு இருந்தவர். மனைவி ரோட்டில் நிற்கிறாள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வெம்பிளியில் இருக்கும் தன் அக்காவிடம், “பள்ளிக்கூடத்திலை வேலை” என்று சொல்லிவிட்டார். பொய்யில்லை, பள்ளிக்கூட வாசல்தானே! அந்த அக்கா, என் மச்சாள், அதைப் படிப்பிக்கிற ரீச்சர் வேலையாக்கிச் சொந்தக்காரர் எல்லாருக்கும் அறிவித்துவிட்டார்.

ஒருநாள் மினுங்கும் மஞ்சள் கோட்டும் தொப்பியுமாக வீட்டுக்குள் நுழைகிறேன், மச்சாள் சோபாவில் இருக்கிறார். கணவர் முந்திக்கொண்டார்: “இண்டைக்குப் பள்ளிக்கூடத்திலை நாடகம் அக்கா, இவ பொலிசாய் நடிச்சவ.”

மூன்றாவது ஆள்

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு மகாராணி கொடுக்கும் எம்.பி.ஈ. பட்டம் என்று கடிதம் வந்தது. குசினிக்குள் அடுப்புக்கு முன்னால் நின்று குதித்தேன். கணவருக்கோ முகம் செத்துவிட்டது. அரண்மனையில் பெயரைக் கூப்பிடும்போது, எதற்காகப் பட்டம் என்பதையும் உரத்து வாசிப்பார்களாம்.

விருந்தினர் மூன்று பேருக்குத்தான் இடம். கணவர், மகள், இன்னொருவர். அந்த இன்னொருவர் யார் என்று நாங்கள் யோசிக்க வேண்டியே வரவில்லை. மச்சாள் போனில் வந்தார்: “எங்கடை ரீச்சருக்கு மகாராணி பட்டம் குடுக்கிறா, நான் வராமல் விடுவனோ? சீலையும் எடுத்திட்டன்!”

பின்னால் நடை

பதக்கம் வாங்கியதும் முதுகு காட்டாமல் சில அடி பின்னால் போய் வணங்க வேண்டும் என்று ஓர் அதிகாரி சொல்லித் தந்தார். பழகிப் பார்த்த கனவான்கள் சிலர் தங்கள் காலிலேயே தடுக்கினார்கள். முருகன் சந்நிதியில் சின்ன வயதிலிருந்தே பின்பக்கமாக நகர்ந்து பழகியவள் நான். காஞ்சிபுரச் சீலையோடு தடுக்காமல் வழுக்கிக்கொண்டு போனேன். அதிகாரி அசந்துவிட்டார்: “மேடம், நீங்கள் முன்பும் இங்கே வந்திருக்கிறீர்களா?”

உரத்து வாசித்தார்கள்

என் பெயர் வந்தது. கூடவே காரணமும் வந்தது, பள்ளிப் பிள்ளைகளை வீதி கடக்க விட்ட சேவை. மகாராணி சிரித்தபடி பதக்கத்தை மாட்டினார். நானும் சிரித்தேன், ஆனால் என் காதெல்லாம் மச்சாள் இருந்த வரிசையில்தான்.

வெளியே முற்றத்தில் மச்சாள் எங்கள் முன்னால் வந்து நின்றார். கணவர் நிலத்தைப் பார்த்தார், பிறகு நிமிர்ந்தார். “அக்கா, இவ ரீச்சர் இல்லை. ரோட்டிலை தடி பிடிக்கிறவ. சொல்ல வெக்கப்பட்டது என்ரை பிழை” என்றார். பன்னிரண்டு வருடத்தில் அன்றுதான் அதை வாய்விட்டுச் சொன்னார். பதக்கம் வாங்கும்போது வராத கண்ணீர் எனக்கு அப்போது வந்தது.

மச்சாள் தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். “போடா விசரா! வெம்பிளியிலை தெருவுக்கு நாலு ரீச்சர் இருக்கினம், மகாராணி கூப்பிட்டது இவவைத்தானே! தள்ளி நில், நான் இவவோடை படம் எடுக்கோணும்.”

இப்போது மச்சாள் சொல்லிக் கேட்டால், லண்டனில் ஓடும் வாகனம் அத்தனையும் என் தடியைக் கண்டுதான் நிற்கிறது.