ஆமைக்கு வைத்த பொட்டு

போன வாரம் கள்ளக்குறிச்சியில் ரஃபீக் பாயின் ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்திருந்தேன். சங்கராபுரம் போகிற ரோட்டோரம், ஒரு தகர ஷெட். சின்னசேலத்துக்காரர் ஒருவர் டீசல் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். வண்டி பளபளவென்று இருந்தது. அவர் முகம்தான் வாடியிருந்தது.

"பாய், பிக்கப்பே இல்ல. ஈஜிஆர அடைச்சிட்டா பிச்சிக்கினு போவுமாமே. வீடியோவுல பார்த்தேன். ஒரு தகடு வெச்சி உடுங்க."

பாய் கழிவுத்துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"கழட்டிக் கழுவித் தர்றேன். அடைக்கணும்னா வேற எடம் பாருங்க."

"ஏன் பாய், யாராவது புடிப்பாங்களா?"

பாய் துணியை ஓரமாகப் போட்டார். என்னைத்தான் பார்த்தார். சட்டப்படியும் அது தப்புதான். ஆனால் பாய் அடைப்பதை நிறுத்தியதற்குக் காரணம் அது இல்லை. எனக்குத் தெரியும். அந்தக் காரணத்தின் கையைப் பிடித்துக்கொண்டு மலை ரோட்டில் உட்கார்ந்திருந்தவன் நான்.

டீசல் வண்டி வைத்திருக்காதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். இன்ஜின் வெளியே விடுகிற புகையில் ஒரு பங்கைத் திருப்பி இன்ஜினுக்குள்ளேயே அனுப்புகிற வால்வு ஒன்று உண்டு. அதுதான் ஈஜிஆர். விட்ட மூச்சையே கொஞ்சம் திரும்ப இழுப்பது மாதிரி. அதனால் உள்ளே எரிகிற சூடு தணியும். நுரையீரலுக்கு ஆகாத ஒரு வாயு கம்மியாக வெளியே வரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் புகை போகிற பாதையில் கரி படியாமல் இருக்குமா? கல்வராயன் மலையில் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் முக்கி முக்கி ஏறுகிற வண்டிக்குச் சீக்கிரமே படிந்துவிடும். வால்வு பாதி திறந்தபடி சிக்கிக்கொள்ளும். வண்டிக்கு மூச்சுத் திணறும்.

ஏழுமலையின் ஜீப்புக்கு அதுதான் வியாதி.

ஏழுமலை வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர்க்காரன். தினமும் காலையில் ஊர் ஜனங்களை ஏற்றிக்கொண்டு கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்குவான், மாலையில் ஏறுவான். போன வருஷம் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டு முடிந்ததும், அடுத்து எங்கே என்று தெரியாமல் நான் மலை ஏறியது அவன் ஜீப்பில்தான். அவன் கொல்லைக்காட்டிலேயே வேலை கிடைத்தது. மரவள்ளி பிடுங்குவது, சந்தை நாளில் மூட்டை ஏற்றி இறக்குவது. மாட்டுக் கொட்டகையில் படுக்கை. சோறு போட்டது அவன் மனைவி சின்னப்பொண்ணு.

ஜீப் செங்குத்தான வளைவுகளில் கருப்பாகப் புகை கக்கிவிட்டு நிற்கும். ஆம்பிளைகள் எல்லாம் இறங்கி நடப்போம். ஆடும் பொம்பளைகளும் மட்டும் உள்ளே.

"ஏழுமல, வண்டிய நாங்க இஸ்துக்கினு போறதுக்கு நீ டிக்கெட் வேற வாங்குற" என்பார்கள்.

சிரிப்பான். ஆனால் ஆட்கள் வேறு ஜீப்புக்கு மாற ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது. பாயிடம் கொண்டுபோனோம்.

பாய் பார்த்துவிட்டு மூன்று வழி சொன்னார். புது வால்வு போடலாம். கழற்றிக் கழுவலாம், ஆனால் மறுபடி அடைக்கும். இல்லையென்றால் ஒரு ஸ்டீல் தகட்டை வெட்டி வைத்துப் பாதையையே மூடிவிடலாம்.

"மூட்றது சொலபம்னா மூடிடு பாய்."

"மூடிடலாம். ஆனா மீட்டர்ல இன்ஜின் லைட்டு எரிஞ்சிக்கினே இருக்கும். வால்வு வேல செய்யலன்னு வண்டிக்குத் தெரிஞ்சிபூடும். எரிஞ்சா பயப்படாத. அது இதுக்குத்தான்."

அது இதுக்குத்தான்... அந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தகடு உள்ளங்கை அளவுகூட இல்லை. மாட்டிய பிறகு ஜீப் கன்றுக்குட்டி மாதிரி ஏறியது. யாரும் இறங்கி நடக்க வேண்டியதில்லை. கரும்புகை குறைந்துவிட்டது. கண்ணுக்குத் தெரிகிற புகை குறைந்ததில் எங்களுக்குச் சந்தோஷம். தெரியாத வாயு ஜாஸ்தியாகியிருக்கும் என்று யார் யோசித்தது?

ஆனால் லைட் எரிந்தது. ஆரஞ்சு நிறம். அதிலிருக்கிற படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இன்ஜின் படம் என்று கம்பெனிக்காரன் சொல்வான். முன்சீட்டில் உட்கார்ந்த கிழவர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இன்னாடா இது, வண்டிக்குள்ள ஆம எரியுது."

அப்புறம் பார்த்தால் எனக்கும் ஆமையாகத்தான் தெரிந்தது. முதுகு, நீட்டிய தலை, எல்லாம் இருக்கிறது.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று நம்புகிற ஊர்கள் இவை. வண்டி மட்டும் உருப்படுமா? இரண்டு நாளில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் ஏறவில்லை. பெண் பார்க்கக் கிளம்பிய ஒரு குடும்பம் ஏறி உட்கார்ந்து, ஆமையைப் பார்த்து, வரிசையாக இறங்கிப் போனது. வண்டி ஓட்டுகிறபோது இருக்கிற தைரியம் அன்று காலை ஏழுமலையிடம் இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

சின்னப்பொண்ணு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இதுக்கா இப்டி ஒக்காந்துக்கினு கீற?"

நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து மீட்டர் கண்ணாடியில் ஒட்டினாள். பெரிய பொட்டு. ஆமை அதற்குள் சரியாக அடங்கிவிட்டது.

"முடிஞ்சிது. ஆம இப்ப சாமி ஆயிடுச்சி."

ஊரே சிரித்தது. பெண் பார்க்கப் போன குடும்பம்கூடத் திரும்பி வந்து ஏறியது. நானும் சிரித்தேன். நல்ல யோசனை என்றுதான் தோன்றியது. இப்போதும் அதில் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மரவள்ளி பிடுங்குகிற பருவம். அன்று ஏழுமலை ஜீப்பை எடுக்காமல் எங்களோடு கொல்லையில் இருந்தான். மதியச் சோற்றுக்குப் பிறகு, காய்ந்த சருகுக் குவியலைச் சின்னப்பொண்ணு அள்ளினாள். கையை உதறினாள்.

"கடிச்சிடுச்சி" என்றாள். "விரியன்."

நானும் பார்த்தேன், சருகுக்குள் நழுவிப் போனதை. கண்ணாடி விரியன்தான்.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யலாமே என்று கேட்பீர்கள். அந்தக் கொல்லையில் சிக்னல் கிடையாது. ஊருக்கு அந்தப் பக்கம் சிக்னல் இருக்கிற மேட்டுக்குப் போய்ப் பேசி, வண்டி கீழேயிருந்து வந்து சேர்வதற்குள் ஜீப்பிலேயே பாதி தூரம் இறங்கிவிடலாம். ஜீப் வாசலில் நின்றது. இப்போது மேடு ஏறுகிற ஜீப். அதை நம்பி ஏற்றினோம்.

சமவெளிக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மலையிலிருந்து இறங்குவது என்றால் இறக்கம் மட்டும் இல்லை. அந்த ஊரிலிருந்து கீழே போக, முதலில் மேலே ஏற வேண்டும். அந்த ஏற்றத்தின் நடு வளைவில் இன்ஜின் சட்டென்று நின்றது.

திணறவில்லை. இருமவில்லை. விளக்கை அணைத்தது மாதிரி நின்றது.

ஏழுமலை சாவியைத் திருகினான். மோட்டார் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. மறுபடி திருகினான். பேட்டரி சத்தம் மெலிந்துகொண்டே வந்தது. நான் இறங்கி டயருக்குக் கல் வைத்தேன். ஏற்றத்தில் நின்ற வண்டியைத் தள்ளவும் முடியாது, உருட்டவும் முடியாது.

முந்தின வாரமே சந்தையில் நின்றிருந்தபோது ஜீப் இரண்டு தடவை இப்படி அணைந்து, தானாகச் சரியாகியிருந்தது. டீசலில் தண்ணீர் கலந்திருக்கும் என்று ஏழுமலை விட்டுவிட்டான். வேறு ஏதாவது கோளாறு என்றால் லைட் எரிந்திருக்காதா? பொட்டுக்கு அடியில் எரிந்துகொண்டுதான் இருந்தது. அது இதுக்குத்தான் என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

ஏழுமலை பானெட்டைத் திறந்து கையால் அடித்தான். வாயில் வராத வார்த்தை எல்லாம் வந்தது.

"அத திட்டாதய்யா" என்றாள் சின்னப்பொண்ணு உள்ளேயிருந்து. "ஊரயே சொமந்துது."

அவள் கையை அசையாமல் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். விரல்கள் வீங்கி நிறம் மாறிக்கொண்டிருந்தன. ஈறில் ரத்தம் கசிந்தது. அதை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணா, ஒருத்தரும் வரலையா?"

"வருவாங்கம்மா."

"மாட்டுக்குத் தண்ணி வெக்கல."

"அதெல்லாம் பாத்துக்கலாம்."

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தோம் என்று நான் பார்க்கவில்லை. பார்க்க விருப்பமும் இல்லை. கடைசியில் மரவள்ளி ஏற்றிய லாரி ஒன்று பின்னால் வந்தது. டிரைவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேபினில் படுக்க வைத்தோம். சிக்னல் வந்த இடத்தில் போன் செய்தோம். கச்சிராயபாளையத்தில் ஆம்புலன்ஸ் எதிரே வந்து வாங்கிக்கொண்டது.

சின்னப்பொண்ணு பிழைத்தாள். சிறுநீரகம் கெட்டுப்போய், ரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்து, மெதுவாகத் தேறினாள். வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். முன்னாடியே வந்திருந்தால் விரல் தப்பியிருக்குமா என்று ஏழுமலை டாக்டரிடம் கேட்டான். சொல்ல முடியாது என்றார் அவர். உண்மையைத்தான் சொன்னார். அந்த உண்மை ஏழுமலையைத் தூங்கவிடவில்லை.

ஜீப்பைக் கட்டி இழுத்துவந்து பாயிடம் விட்டோம். ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். இரண்டு கோளாறு காட்டியது. ஒன்று, தகடு வைத்ததால் வந்தது. இன்னொன்று, இன்ஜின் சுற்றுகிறதா என்று பார்க்கிற சென்சார். அதன் ஒயர் குலுக்கலில் தேய்ந்து தேய்ந்து அறுந்திருந்தது. இன்ஜின் நின்றது அதனால்தான்.

ஏழுமலை மீட்டரிலிருந்த பொட்டை வெறித்துப் பார்த்தான்.

"பொட்டு வெச்சி மறைச்சோம் பாரு... அவ கையால அவளே..."

"ஏழுமல, நிறுத்து" என்றார் பாய். "பொட்டு மேல பழி போடாத. பொட்டு இல்லன்னா மட்டும் இன்னா தெரிஞ்சிருக்கும்? தகடு வெச்ச அன்னிலேர்ந்து அது எரிஞ்சிக்கினே இருந்துது. புதுசா ஒண்ணு கெட்டுப்போனா, எரியிற லைட்டு எப்டிய்யா மறுபடியும் எரியும்? அதோட வாய மூடுனது அவ இல்ல. நான்."

பிறகு பாய் தரையில் படுத்து ஜீப்புக்கு அடியில் போனார். தகட்டைக் கழற்றி வெளியே எறிந்தார். வால்வைக் கழற்றி, கரியைச் சுரண்டிக் கழுவி மாட்டினார். ஒயரை மாற்றினார். "வருஷா வருஷம் கொண்டாந்து கழுவிக்கோ. அடைச்சிக்கிற சாமான் அடைச்சிக்கத்தான் செய்யும். சாவி போட்டதும் லைட்டு ஒருதடவ எரிஞ்சி அணையணும், எரியவே இல்லன்னா லைட்டே செத்துப்போச்சின்னு அர்த்தம்" என்றார்.

அன்றோடு தகடு வெட்டுவதை அவர் விட்டுவிட்டார். போன வாரம் வந்த சின்னசேலத்துக்காரரிடம் இதையெல்லாம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நான் சொன்னேன். கேட்டுவிட்டு, "கழுவியே குடுங்க பாய்" என்று பெஞ்சில் உட்கார்ந்தார்.

எதற்கும் ஒரு சமாதானம் நம் கையில் தயாராக இருக்கிறது, இல்லையா? நெஞ்சு எரிந்தால் கேஸ். மயக்கம் வந்தால் வெயில். அது இதுக்குத்தான். முதல் தடவை அது உண்மையாகவும் இருக்கலாம். இரண்டாவது தடவை அதே வலி வேறு விஷயத்தைச் சொல்ல வரும்போது, காது கொடுக்க ஆள் இருக்காது.

அதன் பிறகு நான் மலையில் அதிக நாள் தங்கவில்லை. கிளம்புகிற அன்று காலை கடைசியாக அந்த ஜீப்பில் இறங்கினேன். சின்னப்பொண்ணுவும் டாக்டரைப் பார்க்க முன்சீட்டில் வந்தாள். நெற்றியில் பொட்டு இருந்தது. இப்போது இடது கையால் வைக்கிறாள்.

ஏழுமலை சாவியைப் பாதி திருகினான். மீட்டரில் எல்லா லைட்டுகளும் ஒருமுறை எரிந்தன. ஆமையும் எரிந்தது. வண்டியை ஸ்டார்ட் செய்ததும் ஒவ்வொன்றாக அணைந்தன. குனிந்து பார்த்துக்கொண்டிருந்த சின்னப்பொண்ணு நிமிர்ந்தாள்.

"ஆம வந்துட்டுப் போயிடுச்சி. எடு."

பின்சீட்டிலிருந்து அதே கிழவர் கேட்டார்.

"ஏம்மா, ஆம வராமயே இருந்தா நல்லதுதான?"

"வராத அன்னிக்கு ஏறாதீங்க" என்றாள்.