கடைசி வூட்டுக்குக் கேட்கணும்

இந்த ஊர் டிராமில் முப்பது பேர் ஏறினாலும் மூச்சுச் சத்தம் வராது. பாதிப் பேர் தலையில் ஹெட்போன், மீதிப் பேர் வாயில் பூட்டு. ஜெர்மனிக்கு வந்த புதிதில் நான் எங்கள் ஊர் சந்தவாசல் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற நினைப்பில், வீட்டுக்காரர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த அம்மாள் குனிந்து, "உங்களிடம் கோப்ஃப்ஹோரர் இல்லையா?" என்று ஜெர்மனில் கேட்டார். கோப்ஃப்ஹோரர் என்றால் ஹெட்போன். பாவம், தன்னுடையதைக் கழற்றித் தரப் பார்க்கிறார் என்று நினைத்து, "வேண்டாம், நன்றி, இப்படியே நன்றாகக் கேட்கிறது" என்று சொன்னேன். சொன்னதோடு விட்டேனா? அவரும் கேட்கட்டுமே என்று சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியும் வைத்தேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டார். அவர் என்னைத் திட்டினார் என்பது இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

நான் நர்ஸ். வேலூரில் எட்டு வருடம் ஊசி போட்ட கை இது. ஆனால் இங்கே மொழித் தேர்வில் முழுதாகத் தேறும்வரை வெறும் உதவியாளர்தான். படுக்கை விரிக்கலாம், ஊசியைத் தொடக்கூடாது. படிப்பது, எழுதுவது, பேசுவது மூன்றிலும் தேறிவிட்டேன். பேச்சில் தேறாவிட்டால்தான் ஆச்சரியம். 'ஹோரன்' என்கிற கேட்கும் பகுதியில் மட்டும் கவிழ்ந்தேன். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதுவும் போனால் ஒப்பந்தம் முடிந்து மூட்டை கட்ட வேண்டியதுதான். தேறிவிட்டால் வேலை நிலைக்கும், வீட்டுக்காரரையும் ஒன்பது வயது மகள் யாழினியையும் இங்கே அழைத்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம். பயிற்சிப் பதிவுகளிலோ ரயில் நிலைய இரைச்சலுக்குள் இரண்டு பேர் முணுமுணுப்பார்கள். என் பழைய இயர்போனில் ஒரு பக்கம் செத்தே போயிருந்தது. உருப்படியாக ஒரு ஹெட்போன் வாங்குவது என்று முடிவெடுத்தேன். எண்பது யூரோ, அதற்கு மேல் ஒரு சென்ட் கிடையாது.

வீட்டுக்காரர் சேகர் சந்தவாசலில் மைக்செட் வைத்திருக்கிறார். அடிவாரத்து ஊர்களிலும் ஜவ்வாது மலைமேலும் திருவிழா, கல்யாணம் எல்லாவற்றுக்கும் அவருடைய செட்தான். அவரிடம் கேட்காமல் வாங்கினால் மனிதர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்று போன் செய்தேன்.

"பேஸ் பாத்து வாங்கு. அடிச்சா நெஞ்சுல வந்து எறங்கணும்" என்றார்.

"நான் இன்னா டான்ஸா ஆடப் போறேன்? எனக்குப் பேச்சு புரியணுங்க."

"பேச்சா? அப்போ பாட்டு போட்டுப் பாக்காத. கடைசி வூட்டு டெஸ்ட்டு வெச்சிப் பாரு."

அந்த டெஸ்ட் எனக்குத் தெரியாததா? செட் கட்டி முடித்ததும் ஒரு ஆளை மைக்கில் பேசவிட்டு, சேகர் ஊரின் கடைசி வீடுவரை நடந்துபோவார். அங்கே இருப்பவர்களிடம், "இன்னா சொல்றான்னு சொல்லுங்க" என்று கேட்பார். சத்தம் வருகிறது என்றால் போதாது, வார்த்தை புரியவேண்டும். கல்யாணமான புதிதில் அந்த நடையை என் தலையில் கட்டிவிட்டார். மற்றப் பெண்கள் புருஷனோடு சினிமாவுக்குப் போனார்கள். நான் புருஷன் குரலைக் கேட்டுக்கொண்டே அவருக்கு எதிர்த்திசையில் நடந்துகொண்டிருந்தேன்.

டெஸ்ட்டுக்கு என்னிடம் சரியான சரக்கு இருந்தது. மலைமேல் ஒரு கோயில் கும்பாபிஷேகத்துக்குச் செட் கட்டும்போது சேகர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடுகிறது, மலைக்காற்று மைக்கில் மோதுகிறது, நடுவில் "பரீட்சைக்கு நல்லா படி, சாப்புடாம கெடக்காத" என்கிறார். முடியும்போது பின்னாலிருந்து யாழினி எதையோ கேட்கிறாள். அது மட்டும் ஜெனரேட்டரில் அமுங்கிப்போகிறது. எத்தனையோ தடவை போட்டுக் கேட்டும் பிடிபடவில்லை. சேகரைக் கேட்டால், "இன்னாவோ ஐஸ் கேட்டா, வுடு" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஐஸ் கேட்டால் அவள் மலையே அதிரக் கேட்பாள்.

கடையில் வழுக்கைத் தலையோடு நிதானமான ஒரு மனிதர் வந்து, "எந்த மாதிரி இசை கேட்பீர்கள்?" என்றார்.

"இசை இல்லை, என் கணவர்" என்றேன்.

அவர் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக் கணவரைத் தேடினார். போனைக் காட்டி விளக்கிய பிறகுதான் சிரித்தார்.

முதலில் தந்தது கறுப்பாக, கனமாக, பார்க்க ராஜா மாதிரி இருந்தது. போட்டதும் ஜெனரேட்டர் என் மண்டைக்குள்ளேயே ஓடியது. சேகருக்குப் பிடித்திருக்கும், எனக்கு வேண்டாம். அடுத்தது இரைச்சலை நீக்கும் வகை. நான் ரொம்ப நாளாக மனதில் வைத்திருந்தது அதைத்தான், ஜெனரேட்டரையே துடைத்து எடுத்துவிடும் என்று நினைத்திருந்தேன். சுவிட்சைப் போட்டதும் கடை முழுக்கக் கரண்ட் போனதுபோல அமைதி. ஜெனரேட்டர் மட்டும் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. "இது உங்களைச் சுற்றியுள்ள இரைச்சலைத்தான் நீக்கும். பதிவுக்குள் இருப்பது இருக்கத்தான் செய்யும்" என்றார் அவர். விலையும் என் எண்பதைப்போல மூன்று மடங்கு. நல்லவேளை, தப்பித்தேன்.

அப்புறம் கீழ்த்தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். வயர் வைத்தது, சாம்பல் நிறம், அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. குரல் பதிவு செய்கிறவர்கள் வாங்குவதாம். என் கணக்குக்குள் அடங்கியது. மாட்டினேன். ஜெனரேட்டர் ஒரு ஓரத்துக்கும் காற்று இன்னொரு ஓரத்துக்கும் ஒதுங்கின. நடுவில் சேகர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. பிறகு யாழினி, தெள்ளத் தெளிவாக.

"ப்பா, அம்மா பாஸாவலன்னா வூட்டுக்கு வந்துடும்ல?"

"ஷ்ஷ், ரிக்கார்டு ஆவுது."

அந்தக் குரலில் பயம் இல்லை, ஆசை இருந்தது. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. யாருக்காகடி இத்தனை பாடு என்று அங்கேயே கேட்கத் தோன்றியது. அடுத்த நொடி கண்ணில் பொலபொலவென்று கொட்டிவிட்டது. கடைக்காரர் பதறி, "சத்தம் அதிகமா?" என்றார். "இல்லை, மிகச் சரியாக இருக்கிறது. இதையே கொடுங்கள்" என்றேன்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அதே ஹெட்போனை மாட்டிக்கொண்டு வெறி பிடித்தவள்போலப் படித்தேன். ரயில் நிலைய முணுமுணுப்பெல்லாம் எனக்குப் பக்கத்து வீட்டுப் பேச்சாகிவிட்டது. தேர்விலும் தேறினேன். சும்மா இல்லை, நல்ல மதிப்பெண்ணில். ஊசி திரும்பவும் என் கைக்கு வந்தது.

முடிவு வந்த அன்றே போன் செய்தேன். "ஊருக்கே மைக் போட்டுச் சொல்றேன் பாரு!" என்று சேகர் குதித்தார். பிறகு யாழினி வாங்கி, "சூப்பர்மா" என்றாள். அதற்கு முன்னால் அவள் எச்சில் விழுங்கியது எனக்குக் கேட்டது. இனி மறைக்க முடியாது என்று சொல்லிவிட்டேன்.

"பாப்பா, மலைமேல நீ அப்பாவ கேட்டது எனக்குக் கேட்டுச்சுடி."



"எப்போ?"

"பரீட்சைக்கு முன்னாடியே."

"அப்புறம் இன்னாத்துக்கும்மா பாஸான?"

டிராமில் முன்பின் தெரியாதவரிடம் வாயடித்த நான், "சாப்டியாடி?" என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன்.

இப்போது நானும் டிராமில் ஹெட்போனோடுதான் போகிறேன். வலது காதை மட்டும் கொஞ்சம் விலக்கி வைத்திருப்பேன், நிறுத்தத்தின் பெயர் கேட்க வேண்டுமே. இடது காதில் யாழினி. தினமும் ஒரு மெசேஜ் அனுப்புகிறாள், அப்பனைப் போலவே தொடங்குகிறாள்: "ஹலோ, ஹலோ, கடைசி வூட்டுக்குக் கேக்குதா?" கேக்குது கண்ணு என்று உடனே பதில் போட்டுவிடுகிறேன். அவள் அன்று போனில் கேட்டதற்குத்தான் இன்னும் பதில் போடவில்லை.