ஏழாம் நம்பர் மலையில் ஜெர்மன் முறை

கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் வேலாயிக்கு வயது நாற்பத்தொன்பது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன்காரர்கள் ஓட்டிய சண்டை விமானங்களை அவள் தூரத்திலிருந்தே பெயர் சொல்லிவிடுவாள். மூக்கு கூராக இருந்தால் மெஸ்ஸர்ஷ்மிட். தடித்த உருண்டை மூக்கென்றால் ஃபொக்கவுல்ஃப். தோட்டத்துக்கு மேலே அப்படி ஒரு விமானம் இதுவரை வந்ததில்லை என்பதால் இந்தத் திறமையை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

அவள் இதையெல்லாம் தூசி தட்டித்தான் தெரிந்துகொண்டாள். பத்தொன்பது வயதில் வீட்டு வேலைக்குக் கொழும்பு போனவள், வெள்ளவத்தையில் ஐரோப்பிய வம்சாவளியில் வந்த ஒரு பறங்கி டொக்டர் வீட்டில் பதினான்கு வருடம் இருந்தாள். ஒஸ்வல்ட் என்ற அந்தப் பல் டொக்டர் ஓய்வுபெற்ற பிறகு பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி விமானங்கள் செய்வதையே முழுநேர வேலையாக வைத்திருந்தார். கண்ணாடி அலுமாரிகளில் நூற்று அறுபத்திரண்டு விமானங்கள் நின்றன. எல்லாமே ஜெர்மன்.

"ஏன் டொக்டர், வேற நாட்டுக்காரங்க பறக்கலையா?" என்று வேலாயி ஒருநாள் கேட்டாள்.

"பறந்தது. ஆனா அலுமாரியில எடம் இல்லே" என்றார் டொக்டர்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவள் துணியால் துடைத்ததில் ஒரு மெஸ்ஸர்ஷ்மிட்டின் கால் சக்கரத்தோடு கழன்று வந்துவிட்டது. வேலை போயிற்று என்று நினைத்து அழுதுகொண்டே கொண்டுபோய்க் காட்டினாள். டொக்டர் கண்ணாடியை மாட்டி, பல்லைப் பார்ப்பதுபோல் அதை உற்றுப் பார்த்தார். "பரவாயில்லே. நெசமான பிளேன்லயும் கால் ரெண்டும் கிட்ட கிட்டத்தான். எறங்கும்போது எத்தனையோ உடைஞ்சது" என்றார். அன்றிலிருந்து துணிக்குத் தடை. முகத்துக்குப் பவுடர் போடும் பிரஷ் ஒன்று கொடுத்தார்.

அவள் தட்டத் தட்ட அவர் பேசிக்கொண்டே இருப்பார். அவருடைய மகள் இந்தப் பேச்சுக்குப் பயந்துதான் ஒஸ்ட்ரேலியாவுக்கு ஓடினாள் என்று வேலாயி இன்றைக்கும் அடித்துச் சொல்வாள். அவர் அடிக்கடி சொன்னது ஒரு விஷயம்: ஜெர்மன் விமானி தனியாகப் பறப்பதில்லை. இரண்டு பேர் சேர்ந்தால் ரொட்டே. இரண்டு ரொட்டே சேர்ந்தால் ஷ்வார்ம். ஒருவன் முன்னால் பார்த்துச் சண்டை போடுவான், மற்றவன் அவன் முதுகைப் பார்த்துக்கொள்வான். முன்பக்கத்துக்குப் பன்னிரண்டு மணி என்று பெயர். முதுகுப் பக்கம் ஆறு மணி.

டொக்டர் இறந்ததும் மகள் வந்து வீட்டை விற்றாள். வேலாயிக்கு ஒரு பிரஷர் குக்கரும், அவள் கேட்டதற்காக ஒரு மெஸ்ஸர்ஷ்மிட்டும் கிடைத்தன. நானுஓயாவுக்கு வந்த ரயிலில் குக்கரை மேலே போட்டுவிட்டு விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். தொழிற்சாலையில் வேலை செய்யும் சிவசாமியைக் கல்யாணம் செய்ததும் அதைத் தோட்டம் கொடுத்த ஒற்றை அறை வீடான லயக் காம்பராவின் கூரையில் நூல் கட்டித் தொங்கவிட்டாள். வந்தவர்களெல்லாம் சிவசாமியிடம், "வெளிநாடு போக நேத்திக்கடனா?" என்று கேட்டார்கள். முதலில் விளக்கம் சொன்ன சிவசாமி, பிறகு ஆமாம் என்று சொல்லப் பழகிக்கொண்டார்.

போன வருடம் அந்தத் தோட்டத்தில் குளவித் தொல்லை அதிகமாக இருந்தது. மரத்தில் இருக்கும் கூட்டைப் பருந்து கொத்தும்; கோபம் கொண்ட குளவிகள் கீழே கொழுந்து பறிப்பவர்கள் மீது இறங்கும். குனிந்த தலை நிமிராமல் பறிப்பவர்களுக்கு அது தெரிவதற்குள் கொட்டிவிடும். மூன்று பேர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு, வேலாயி ஒருநாள், வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டில் எல்லாருக்கும் முன்னால் வாயைத் திறந்தாள்.

"கங்காணி, இனிமே நாங்க ரெண்டு ரெண்டு பேரா நிக்கிறோம். ஒருத்தி முதுக ஒருத்தி பாத்துக்குவோம். அதுக்குப் பேரு ரொட்டே."

"ரொட்டியா?" என்றார் கங்காணி கணேசமூர்த்தி.

"ரொட்டே. நாலு பேருன்னா ஷ்வார்ம்."

"ஷவர்மாவா? டவுன்ல விக்கிறானே, அதா?" என்றாள் ஷாமிலா. கூட்டத்திலேயே இளையவள் அவள்தான்.

பெரட்டுக் களம் சிரித்து ஓய ஐந்து நிமிடமாயிற்று. ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு வாரத்துக்குள் பெண்கள், "இன்னைக்கு யாரு ஒன் ரொட்டி?" என்று கேட்டுச் சோடி சேர்ந்தார்கள். வேலாயிக்குச் சோடியாக வாய்த்தவள் காளியாயி. நல்ல கண், அதைவிட நல்ல தொண்டை. மணிக்கணக்குதான் வரவில்லை. ஒரு தடவை "மூணு மணி" என்று கத்தி, எட்டுப் பெண்களை வலப்பக்கம் பார்க்கவைத்தாள். இடப்பக்கத்தில் ஒரு மாடு நின்றது.

"எவனோ தோத்துப்போன ஜெர்மன்காரன் சொன்னதக் கேட்டு மலையில நாடகம் ஆடுறீங்க. கொழுந்து நிறுக்கிறப்ப தெரியும்" என்று கங்காணி முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

ஒரு புதன்கிழமை ஏழாம் நம்பர் மலையில் எட்டுப் பேர் பறித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் நன்றாக அடித்தது. வேலாயிக்குப் பின்னால் இருந்த மரத்தில் பருந்து வந்து உட்கார்ந்ததைக் காளியாயி பார்த்தாள். அது தலையைச் சாய்த்தது. கூட்டிலிருந்து கறுப்பாகப் புகைபோல் ஒன்று கிளம்பியது.

"வேலாயீ! ஆறு மணி! ஆறு மணி!"

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவள் சரியான மணியைச் சொன்னாள். வேலாயி திரும்பிப் பார்க்கவே இல்லை. "எறங்குங்கடீ!" என்று கத்திக்கொண்டு இடுப்பில் கட்டியிருந்த தடித்த படங்குத் துணியைத் தலைக்கு மேல் இழுத்துத் தேயிலைச் செடிகளுக்கடியில் புகுந்தாள். மற்ற ஏழு பேரும் அப்படியே மறைந்தார்கள். மலையில் நின்ற ஒரே ஆள் கணேசமூர்த்தி.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "என்னடி ஆறு மணி? இப்பத்தான் பதினொன்னே கால். அதுக்குள்ள வீட்டுக்குப் போற அவசரமா?"

அதற்குப் பிறகு அவர் சொன்ன எதையும் எழுத முடியாது. செடிக்கடியில் கிடந்த எட்டுப் பேருக்கும் ஒரு கொட்டு இல்லை. கங்காணிக்குப் பதினேழு. வேலாயிதான் ஊர்ந்து போய்க் காலைப் பிடித்து அவரைக் கீழே இழுத்துத் தன் படங்குக்குள் மூடினாள். அந்த இருட்டுக்குள் அவர் அழுதுகொண்டே, "ஆறு மணின்னா என்னடி?" என்று கேட்டார்.

"பின்னாலன்னு அர்த்தம் கங்காணி. எத்தன தடவ சொன்னேன்!"

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்துவிட்டு, பூசணிக்காய் முகத்தோடு வந்த கணேசமூர்த்தி நேராகத் தொரையின் ஒபிசுக்குப் போனார். தோட்ட மானேஜரான தொரை விசாரித்ததில், "ஜெர்மன் முறை தொரை, ரொம்ப நல்ல முறை" என்று மட்டும் சொன்னார். வாய் வீங்கியிருந்ததால் அதற்கு மேல் வரவில்லை. தொரை அதை அப்படியே கொழும்புக்கு எழுதினார். ஜெர்மன் முறையால் எட்டுப் பேர் தப்பினார்கள் என்ற கடிதத்தைப் பார்த்த தலைமை அலுவலகம், அளவு நாடாவும் கமராவும் கொடுத்து இரண்டு அதிகாரிகளை அனுப்பியது.

"மெஷின் எங்க இருக்கு?" என்று கேட்டார் அவர்களில் மூத்தவரான முத்துலிங்கம்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. கடைசியில் அவர்களை வேலாயியின் காம்பராவுக்கு அழைத்துப் போனார்கள். அவள் கூரையைக் காட்டினாள். முத்துலிங்கம் அண்ணாந்து, ஒரு சாண் நீள விமானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது என்ன செய்யும்?"

"ஒன்னும் செய்யாது சார். தொங்கும்."

இளையவர் அதையும் குறிப்பெடுத்தார். வேலாயி தேத்தண்ணி கொடுத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். முத்துலிங்கம் சுவாரசியமாகி, "அப்ப இவ்வளவு கெட்டிக்காரங்க ஏன் யுத்தத்துல தோத்தாங்க?" என்று கேட்டார்.

"தோத்தது நல்லது சார். அவங்க பறந்தது கெட்டவங்களுக்காக. டொக்டரும் அதச் சொல்லாம விடமாட்டாரு." அவள் அவர் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினாள். "இன்னொன்னும் சொல்லுவாரு. இத்தன தடவ பறந்தா போதும், வீட்டுக்குப் போன்னு அவங்களுக்கு ஒரு கணக்கே இல்லையாம். சாகிற வரைக்கும் பற. நல்லாப் பறந்தவன் செத்ததும் ஒழுங்காப் பழகாத பொடியன ஏத்திவிட்டாங்க. எங்க மலையிலயும் அப்பிடித்தான் சார். குளவி கொட்டுனா மறுநாள் பெரட்டுக்கு வரணும்."

தேத்தண்ணிக் கோப்பையை முத்துலிங்கம் கீழே வைத்தார். "என்ன வேணும்?"

"கொட்டு வாங்குனவங்களுக்கு மூணு நாள் லீவு. கூடு இருக்கிற மலைய மூடி வைக்கணும், கூட்ட எடுக்கிற வரைக்கும்."

வாசலில் நின்ற கணேசமூர்த்தி, "நாலு நாள்" என்றார்.

மூன்று நாள்தான் கிடைத்தது. ஏழாம் நம்பர் மலையை மூடி ஆள் வைத்துக் கூட்டை எடுத்தார்கள். இரண்டிரண்டு பேராக நிற்க வேண்டும் என்று மூன்று மொழிகளிலும் சுற்றறிக்கை வந்தது. வேலாயியைத் தோட்டத்தின் பாதுகாப்புக் கமிட்டியில் போட்டார்கள். முதல் கூட்டத்திலேயே அவள் குளவிக் கூடு எடுப்பவர்களுக்கு உடுப்பு கேட்டாள். போன மாதம் நாலு வந்தது. ஆறடி உயர ஆட்களுக்குத் தைத்தவை. போட்டுப் பார்த்த சிவசாமி இரண்டு அடி நடந்து தடுக்கி விழுந்தார். இப்போது உடுப்புகளின் காலையும் கையையும் வெட்டிச் சின்னதாக்க டவுனில் தையல்காரரிடம் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.