கட்டை அடுக்கும் வகுப்பு

பசுவந்தனை வெயிலம்மாளுக்கு வாய் நீளம் என்பார்கள். கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸில் பன்னிரண்டு வருஷம் கட்டை அடுக்கியவள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில், பார்வையற்ற பெரிய பிள்ளைகளுக்குக் கைத்தொழில் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்றதும் அவர்கள் பள்ளிக்கூடத்தில் போய்ச் சேர்ந்தாள்.

அங்கே இரண்டு வருஷமாக வெறும் பெட்டிதான் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். இதற்குள் போகிற குச்சியை எப்படிச் செய்வார்கள் என்று இருபது வயதுக் கடற்கரை ஒருநாள் கேட்டான். வெயிலம்மாளுக்கு வெட்கமாகிவிட்டது. மறுநாளே மரத்துண்டு, சீவிய குச்சி, பள்ளம் வெட்டிய கட்டைகள், சட்டம் எல்லாம் வகுப்புக்கு வந்தன.

பள்ளத்துக்கு ஒரு குச்சியாகப் பரப்பி, கட்டைமேல் கட்டை அடுக்கிச் சட்டத்தில் இறுக்க வேண்டும். ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருந்தாலும் மருந்து கூடுதலாக ஒட்டிவிடும். கடற்கரை உள்ளங்கையால் தடவியே கண்டுபிடித்துத் தட்டிவிடுவான். சட்டத்தை வெயிலம்மாள் அடுத்த தெருத் தீப்பெட்டி ஆபீஸுக்குக் கொண்டுபோய், குச்சி முனைகளை மருந்தில் முக்கிக் காயவைத்து வாங்கிவருவாள். கடைசிப் பாடம், குச்சியை உரசி அணைப்பது.

விஷயம் மேலே போய், அதிகாரி சங்கரபாண்டி வந்தார். நல்ல மனுஷர்தான், இந்த மாதிரிக் காரியத்தையெல்லாம் நல்ல மனுஷர்கள்தான் செய்வார்கள். பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கண் தெரியாதவர்கள் கையில் நெருப்பா என்றார். பெட்டி ஒட்டினால் போதும், வகுப்பை நிறுத்துகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் வேலை இல்லை என்று வெள்ளைத் தாளை நீட்டினார். வெயிலம்மாளுக்கு உச்சிவரைக்கும் கோபம் ஏறியது.

"கட்டை அடுக்குத எந்தப் பொம்பள சார் கையப் பாத்து அடுக்குதா? ஊர்க்கதை பேசிக்கிட்டே அடுக்குதாளுவ. கண்ணுக்கு அங்கன என்ன வேலை?"

அவர் பதில் சொல்லுமுன் கடற்கரை ஒரு குச்சியை உரசினான். சூடு விரலுக்கு வரும்வரை பிடித்திருந்து ஊதினான். கருகிய தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தண்ணீர் டப்பாவில் போட்டான்.

"அணைஞ்சுட்டு சார். தொட்டுப் பாத்துட்டேன்."

அதிகாரி முகம் வெளிறிப்போய்த் தாளை இன்னும் கிட்டே தள்ளினார். இதற்குத்தான் சொன்னேன் என்றார்.

வெயிலம்மாள் பேனாவை வாங்கி நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவர் தாளை எடுக்கப் போனார். அவள் கொடுக்கவில்லை. இது அந்தப் பிள்ளைகளைப் பற்றிய தாள், அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? வகுப்பின் பக்கம் திரும்பி, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

"வகுப்பை நிறுத்த மாட்டேன். இப்படிக்கு, வெயிலம்மாள்."